வபனாகி கதைகளை எடுத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவோட கிழக்குக் கரையில வாழற வபனாகிங்கற பழங்குடி மக்களோட கதைன்னு இணையத்துல தேடினா கொஞ்ச நேரத்துலயே ஒரு ரெட்டைப் பிறவி கதை கண்ணுல பட்டுடும். குளுஸ்காப் நல்லவன், அவன் கூடப் பொறந்த மால்சம்ங்கற ஓநாய் கெட்டவன். பொறக்கும்போதே அம்மாவோட விலாவைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து அவளைக் கொன்னுடுவான் மால்சம், அப்புறம் அண்ணனையும் தீர்த்துக்கட்டப் பார்ப்பான், ரெண்டு பேருக்குமே எதால அடிச்சா உயிர் போகும்னு ஒரு ரகசியம் இருக்கும், கடைசியில அண்ணன் ஒரு ஃபெர்ன் வேரால தம்பியை அடிச்சுக் கொன்னுடுவான். குழந்தைங்க புத்தகம், கலைக்களஞ்சியம், யூடியூப் வீடியோன்னு இது இல்லாத இடமே இல்ல, வபனாகி புராணம்னா இதுதான் முதல் கதைங்கற மாதிரி ஆயிடுச்சு.

இந்தக் கதை அச்சுல வந்தது 1884ல, சார்லஸ் காட்ஃப்ரே லீலண்ட்ங்கற பிலடெல்பியாக்காரர் போட்ட தொகுப்பு மூலமா. அவர் கனடா எல்லையில இருக்கற காம்போபெல்லோ தீவுல கோடைக்காலத்துல தங்கி அங்க வந்த பாசமக்வாடிங்கற வபனாகிப் பிரிவு ஆளுங்ககிட்ட கதை கேட்டவர், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவர் மனசுல ஏற்கனவே ஒரு முடிவு இருந்துச்சு, இந்தக் கதைகளுக்கும் ஐரோப்பாவோட வடக்கு நாட்டுப் புராணங்களுக்கும் தொடர்பு இருக்குன்னு. பால்டர்ங்கற தேவன் ஒரு சின்னச் செடியால சாகற கதை அந்தப் பக்கம் இருக்கு, அதே மாதிரி ஒண்ணு இந்தப் பக்கமும் இருந்தா அவருக்கு வசதி. 1990கள்ல தாமஸ் பார்க்ஹில்ங்கற மத ஆய்வாளர் லீலண்டோட கையெழுத்துப் பிரதி, கடிதம் எல்லாம் தோண்டிப் பார்த்து, இந்த மால்சம் கதை இப்போ நம்ம படிக்கற வடிவத்துல வபனாகி கதையே கிடையாது, லீலண்டோட கை அதுல ரொம்ப ஆழமா இறங்கியிருக்குன்னு காட்டினார். அதுக்கப்புறமும் கதை நிக்கல, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்காங்க.

நான் இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வபனாகி கதை விஷயத்துல நடக்கற தப்பு பெரும்பாலும் இதே ரகம்தான். கதை யார் வாயில இருந்து வந்துச்சு, எந்த ஊர்ல, எந்த வருஷம், யார் எழுதினாங்கன்னு கேட்கறதே இல்ல, கதை நல்லா இருக்கா, எடுத்துக்கோன்னு போயிடறாங்க. தமிழ்ல இதை மொழிபெயர்க்கணும், குழந்தைகளுக்குச் சொல்லணும், பாட்காஸ்ட் பண்ணணும்னு ஆசைப்படறவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க, ரொம்ப நல்ல விஷயம், அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல வபனாகின்னா யாரு. விடியல் நிலத்து மக்கள்னு அவங்க தங்களைச் சொல்லிக்கறாங்க, வட அமெரிக்காவோட கிழக்குக் கரையில சூரியன் முதல்ல படற இடம் அது. பெனாப்ஸ்காட், பாசமக்வாடி, மாலிசீட், மிக்மாக், அபெனாகின்னு அஞ்சு மக்கள் சேர்ந்த கூட்டமைப்பு. இதுல மாலிசீட் மக்கள் தங்களை வொலஸ்தொக்வியிக்னு அவங்க ஆத்தோட பேர்ல சொல்லிக்கறாங்க, இப்போ அந்தப் பேர்தான் அதிகமா புழங்குது. அமெரிக்கப் பக்கம் மெயின், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், கனடாப் பக்கம் நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, கியூபெக். மொழிகள் ஒண்ணுக்கொண்ணு சொந்தம், ஆனா ஒரே மொழி கிடையாது. அதனாலதான் அந்த நாயகன் பெனாப்ஸ்காட்ல குளுஸ்காபே, பாசமக்வாடியில கொலுஸ்காப், மிக்மாக்ல கிளுஸ்காப். இது எழுத்துப் பிழை இல்ல, எல்லாத்தையும் ஒண்ணாக்கித் திருத்தணும்னு அவசியமும் இல்ல. யாரோட கதையைச் சொல்றீங்களோ அவங்க சொல்ற மாதிரி பேரை எழுதுங்க, அவ்வளவுதான்.

"செவ்விந்தியர் கதை"ன்னு ஒரே மூட்டையில கட்டறது இன்னொரு பெரிய தப்பு. படத்துல பார்த்தீங்கன்னா வபனாகி கதைக்கு மேல தோல் கூடாரமும் இறகுத் தொப்பியும் வெச்ச ஆளை வரைஞ்சிருப்பாங்க, அந்தத் தோல் கூடாரம் நடு அமெரிக்காவோட புல்வெளிகள்ல எருமை வேட்டையாடின மக்களோடது. பக்கத்துல உருவங்கள் செதுக்கின டோட்டம் கம்பம் ஒண்ணு நிக்கும், அது கண்டத்தோட மறு கரையில பசிபிக் பக்கம் இருக்கறவங்களோடது. வபனாகி வீடு பர்ச் மரப்பட்டை போர்த்தின விக்வாம், படகும் அதே மரப்பட்டைதான். பூதங்களையும் இப்படித்தான் கலக்கறாங்க. வெண்டிகோ ஒஜிப்வே, க்ரீ மக்களோட கதையில வர்றது, பக்வட்ஜிங்கற குள்ளர்கள் தெற்கே மாசசூசெட்ஸ்ல இருக்கற வாம்பனோவாக் மக்களோடது. வபனாகிக்கு அவங்களோட சொந்த பூதங்களும் சின்ன மனுஷங்களும் இருக்காங்க, வெளியில இருந்து கடன் வாங்க வேண்டிய தேவையே இல்ல.

குளுஸ்காபேயைப் புரிஞ்சுக்கறதுல நடக்கற தப்புக்கு வர்றேன், இதுக்கு ஒரு கதையை முழுசாவே சொல்லணும். 1918ல ஃப்ராங்க் ஸ்பெக்ங்கற மானிடவியலாளர் பெனாப்ஸ்காட் மொழியிலயே ஒரு கதைத் தொகுப்பை வெளியிட்டார். கதை சொன்னவர் நியூவெல் லயன்ங்கற பெனாப்ஸ்காட்காரர். அதுல கெட்ட தம்பி எங்கயுமே கிடையாது. குளுஸ்காபேயும் அவன் பாட்டியும்தான். பாட்டி யாருன்னா ஒரு வுட்சக், மண்ணுல வளை தோண்டி வாழற, அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொழுகொழுன்னு இருக்கற விலங்கு.

வேட்டைக்குப் போக ஒரு பை பின்னிக் குடு பாட்டின்னு கேட்கறான் பையன். பாட்டி மான் முடியில பின்னிக் குடுக்கறா, நல்லா இல்லன்னு தூக்கிப் போடறான். மூஸ்ங்கற பெரிய கொம்புக்காரனோட முடியில பின்னிக் குடுக்கறா, அதுவும் வேண்டாம். கடைசியில பாட்டி தன் வயித்துல இருக்கற முடியையே பிடுங்கிப் பின்னித் தர்றா, அப்போதான் பையனுக்கு சந்தோஷம், ஏன்னா அந்தப் பைக்குள்ள எவ்வளவு வேணா அடங்கும். நேரா காட்டுக்குப் போய், உலகம் அழியப் போகுது, எல்லாரும் செத்துப் போகப் போறீங்க, வந்து என் பைக்குள்ள ஏறிக்கோங்கன்னு கத்தறான். மிருகங்க எல்லாம் நம்பி வந்து ஏறிக்குது. பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து, பாட்டி, இனி நாம கஷ்டப்பட்டு வேட்டையாட வேண்டாம், கை விட்டா சாப்பாடுங்கறான்.

பாட்டி பையைத் திறந்து பார்க்கறா. நீ பண்ணது நல்லதில்லடா பேராண்டி, நமக்கு அப்புறம் வர்றவங்க எதைச் சாப்பிடுவாங்க, அவங்க பட்டினியில சாவாங்க, அவங்களுக்கு எது நல்லதோ அதைத்தான் நீ செய்யணும்ங்கறா. பையன் ஒண்ணும் பேசல, பையைத் தூக்கிக்கிட்டு திரும்பக் காட்டுக்குப் போறான், ஆபத்து போயிடுச்சு, எல்லாரும் வெளிய போங்கன்னு அவுத்து விடறான். சரி, புத்தி வந்துடுச்சுன்னு நினைச்சா, அடுத்து மீனுங்களை மொத்தமா ஒரே பட்டியில அடைச்சு வெக்கறான், திரும்பப் பாட்டிகிட்ட திட்டு. அப்புறம் ஏரியில படகு ஓட்டும்போது காத்து அதிகமா அடிக்குதுன்னு காத்தை உண்டாக்கற அந்தப் பெரிய பறவையைத் தேடிப் போய் அதோட றெக்கையை முடமாக்கிடறான். காத்து நின்னுடுது. தண்ணி தேங்கி மேல நுரை கட்டுது, புழுக்கம் தாங்கல. பாட்டி சொல்லித்தான் திரும்பப் போய் சரி பண்றான்.

இப்போ சொல்லுங்க, இவன் கடவுளா? லீலண்ட் மாதிரி ஆளுங்க அவனைத் தேவனாக்கினாங்க, இன்னைக்கு சில பேர் சூப்பர் ஹீரோ ஆக்கறாங்க, வேற சில பேர் தந்திரக்காரன்ங்கற ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க. ஆய்வாளர்கள் மாத்தி அமைக்கறவன்னு சொல்வாங்க, அதாவது உலகத்தை மனுஷன் வாழற மாதிரி ஆக்கி வெச்சவன். எனக்குப் பிடிச்சது என்னன்னா, அவன் கத்துக்கறவன். சக்தி நிறைய இருக்கு, அறிவு பாட்டிகிட்ட இருக்கு, ரெண்டும் சேர்ந்தாத்தான் உலகம் சரியாகுது. நிறைய மறுகூறல்கள்ல பாட்டியைச் சின்ன பாத்திரம் ஆக்கிட்டு அவன் வீரத்தை மட்டும் வெக்கறாங்க, அது கதையோட முதுகெலும்பையே உருவற வேலை. பாட்டி பேசற அந்த ரெண்டு வரியைச் சுருக்காதீங்க, தயவுசெஞ்சு.

அதே மாதிரி கடைசியில "நீதி: பேராசை பெரு நஷ்டம்"னு ஒட்டறது. தமிழ்ல குழந்தைங்க கதைன்னாலே நீதி வேணும்னு ஒரு பழக்கம் இருக்கு, அதை இங்க கொண்டு வராதீங்க. கதைக்குள்ளயே பாட்டி சொல்லிட்டா, அதுக்கு மேல ஒரு வரி போட்டா கேட்கற குழந்தை யோசிக்கறதை நிறுத்திடும். அதுவும் இந்தக் கதையில விஷயம் பேராசை மட்டும் இல்ல. நமக்கு அப்புறம் வர்றவங்கன்னு பாட்டி சொல்றது இருக்கு, மிருகங்களை ஏமாத்தினது இருக்கு, திரும்பத் திரும்ப அதே தப்பை வேற வேற இடத்துல பண்றது இருக்கு. எதை எடுத்துக்கறதுங்கறது கேட்கறவங்க வயசையும் நிலைமையையும் பொறுத்தது.

திரும்பத் திரும்ப வர்ற வரிகளை வெட்டறதும் இதோட சேர்ந்ததுதான். மான் முடி, மூஸ் முடி, வுட்சக் முடின்னு மூணு தடவை வர்றதை ஒரு தடவையா சுருக்கிடறாங்க. வாயால சொல்ற கதைக்கு அந்த அடுக்கு வேணும், கேட்கறவங்க மூணாவது தடவைக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிப்பாங்க. பெனாப்ஸ்காட் கதைகள் பல நேரம் என் கதை இங்க முகாம் போட்டிருக்குங்கற மாதிரி ஆரம்பிக்கும், அதாவது கதையே ஒரு ஆள் மாதிரி வந்து தங்கியிருக்கும். அந்த ஆரம்பத்தைத் தூக்கிட்டு "ஒரு ஊர்ல"ன்னு போடாதீங்க, அப்படியே தமிழ்ல வைங்க, அழகா இருக்கும்.

சரி, இடம். என் கணக்குல இதுதான் ரொம்ப பெரிய தவறு, கதையை இடத்துல இருந்து பிரிச்சு எடுக்கறது. வபனாகி கதையில வர்ற மலையும் ஆறும் இன்னைக்கும் அங்கதான் இருக்கு, போய்ப் பார்க்கலாம். பெனாப்ஸ்காட் ஆறு எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கு. அக்லெபெமுன்னு ஒரு ராட்சசத் தவளை, தண்ணி எல்லாத்தையும் தானே பிடிச்சு வெச்சுக்கிட்டு யாருக்கும் தரமாட்டேங்குது, ஜனங்க தாகத்துல சாகறாங்க. குளுஸ்காபே போய்க் கேட்டுப் பார்க்கறான், அப்புறம் ஒரு பெரிய மஞ்சள் பர்ச் மரத்தை அது மேல விழற மாதிரி வெட்டிச் சாய்க்கறான். தவளை செத்துப் போய் தண்ணி பீறிட்டு ஓடுது, விழுந்த மரத்தோட அடி ஆறாகுது, கிளைகள் உபநதிகளாகுது. தாகத்துல தவிச்ச ஜனங்க சில பேர் அப்படியே தண்ணிக்குள்ள குதிச்சு மீனாவும் தவளையாவும் ஆமையாவும் மாறிடறாங்க, கரையில நின்ன அவங்க சொந்தக்காரங்க அந்த உயிரினத்தோட பேரையே குடும்பப் பேரா எடுத்துக்கறாங்க.

இதைத் தண்ணி வந்த விதம் சொல்ற கற்பனைக் கதைன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா பாதிதான் சொன்ன மாதிரி. ஆத்துல இருக்கற உயிர்கள் தங்களோட சொந்தக்காரங்கன்னு ஒரு சமூகம் சொல்லுது. அதே பெனாப்ஸ்காட் நேஷன் 2012ல மெயின் மாநிலத்து மேல வழக்குப் போட்டுச்சு, எங்க இடம்னா ஆத்து நடுவுல இருக்கற தீவுகள் மட்டும் இல்ல, அதைச் சுத்தி ஓடற ஆறும் எங்களுதுன்னு. 2021ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தீவுகள் மட்டும்தான், தண்ணி இல்லன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, 2022ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துடுச்சு. இன்னொரு பக்கம் அந்த ஆத்துல மீன் ஏறி வர முடியாம தடுத்துக்கிட்டு இருந்த கிரேட் வொர்க்ஸ் அணையை 2012லயும் வீசி அணையை 2013லயும் எடுத்தாங்க, அந்த வேலையில பெனாப்ஸ்காட் மக்களும் கூட்டாளிங்க. தண்ணியைப் பூட்டி வெச்ச தவளையோட கதையைச் சொல்லிட்டு இதையும் ரெண்டு வரி சொன்னீங்கன்னா கேட்கறவங்க நிமிர்ந்து உட்காருவாங்க.

மத்த இடங்களும் அப்படித்தான். நியூ பிரன்ஸ்விக்ல செயின்ட் ஜான் நகரத்துல ஆறு கடல்ல சேர்ற இடத்துல, அலை ஏறும்போது தண்ணி திரும்பி மேல்நோக்கி ஓடும், அங்க ஒரு ராட்சச பீவர் (ஆத்துல மரத்தைப் போட்டு அணை கட்டற விலங்கு) கட்டின அணையை கொலுஸ்காப் உடைச்சதா கதை, உடைஞ்சு மிதந்து போன துண்டுதான் முகத்துவாரத்துல இருக்கற பார்ட்ரிட்ஜ் தீவு. நோவா ஸ்கோஷியாவுல மைனஸ் விரிகுடாவுல வரிசையா இருக்கற அஞ்சு தீவுகள், பீவர் மேல கிளுஸ்காப் வீசின மண்கட்டிங்க. கேப் பிரெட்டன்ல கெல்லி மலையில கிளுஸ்காப்போட குகை இருக்கு, 1989ல அந்த மலையில பெரிய கல் குவாரி தோண்டற திட்டம் வந்தப்போ மிக்மாக் மக்கள் எதிர்த்து நின்னாங்க, குவாரி வரல. மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு இந்தக் கதைகளைப் படிங்க, ஆத்தோட போக்கு, தீவோட வடிவம், கதையில வர்ற வரிசை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தறது தெரியும்.

இடத்தைக் கூடவே இருந்து காட்டினப்பவும் கேட்காம விட்டவங்க உண்டு. ஹென்றி டேவிட் தோரோங்கற அமெரிக்க எழுத்தாளர் 1857ல மெயின் காடுகளுக்குப் போனார், வழிகாட்டி ஜோ போலிஸ்ங்கற பெனாப்ஸ்காட்காரர். மூஸ்ஹெட் ஏரியில படகுல போகும்போது எதிர்ல கினியோ மலை கறுப்பா எழும்பி நிக்குது. போலிஸ் அந்த மலை ஒரு காலத்துல பெண் மூஸ், ஒரு பெரிய வேட்டைக்காரன் அதைக் கொன்னான், அதோட குட்டி பெனாப்ஸ்காட் விரிகுடா தீவுகள் பக்கம் செத்துச்சுன்னு விரிவா சொல்றார், படுத்திருக்கற மூஸ் மாதிரியே அந்த மலை இருக்குன்னு காட்டறார். தோரோ என்ன எழுதி வெச்சார் தெரியுமா, வேட்டைக்காரன் பேர் மறந்துட்டேன், கதையில பெருசா ஒண்ணும் இல்ல, இழுத்து இழுத்துச் சொல்றார்ன்னு. அவ்வளவு கூர்மையா இயற்கையைப் பார்த்த மனுஷனுக்கு அந்த இழுத்துச் சொல்றதுக்குள்ள ஏரியில இருந்து கடல் வரைக்கும் ஒரு முழுப் பயண வழி இருக்குன்னு தெரியல. கினியோ சாதாரண மலையும் இல்ல, அங்க கிடைக்கற ரையோலைட்ங்கற எரிமலைக் கல்லை ஆயிரக்கணக்கான வருஷமா ஆயுதம் செதுக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க, மூஸைத் துரத்தின கதைவழியும் ஜனங்க நடந்த வழியும் வேற வேற கிடையாது. கதை மெதுவா போகுதுன்னு தோணினா வெட்டறதுக்கு முன்னாடி அந்த மெதுவுல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.

அடுத்தது பேய்க்கதை ஆக்கறது. மிக்மாக் கதைகள்ல செனூன்னு ஒரு பூதம் வரும், பெனாப்ஸ்காட் பக்கம் கிவாக்வா, மனுஷனைத் தின்னும், நெஞ்சுக்குள்ள பனிக்கட்டி இருக்கும். இணையத்துல இதை வெச்சு பயமுறுத்தற வீடியோவா போட்டுத் தள்றாங்க. ஆனா சைலஸ் ராண்ட்ங்கற மிஷனரி மிக்மாக் மக்கள்கிட்ட கேட்டு எழுதின ஒரு செனூ கதை, நான் படிச்ச பூதக் கதைகள்லயே ரொம்ப இளகின மனசோட கதை. புருஷனும் பொண்டாட்டியும் குளிர்கால வேட்டைக்கு தூரமா வடமேற்கே போய்த் தங்கியிருக்காங்க. புருஷன் இல்லாத நேரத்துல புதருக்குள்ள சத்தம், செனூ வந்து நிக்குது, பசியில தன் உதட்டையும் தோளையும் தானே கடிச்சுத் தின்ன கோலத்துல. அவ ஓடல. அப்பா, இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க, வாங்க உள்ளன்னு கூப்பிடறா. செனூ திகைச்சுப் போயிடுது, இப்படி யாரும் அதைக் கூப்பிட்டதே இல்ல. புருஷன் வந்ததும் அவனும் மாமனார்ன்னே கூப்பிடறான். அந்தக் குளிர்காலம் முழுக்க அது அந்தக் குடும்பத்தோடவே இருக்கு, ஒரு நாள் கொழுப்பை உருக்கித் தரச் சொல்லி கொதிக்கக் கொதிக்கக் குடிச்சுட்டு, உள்ள இருந்த கொடூரம் எல்லாத்தையும் வாந்தியா எடுத்துடுது. அதுக்கப்புறம் சாதாரண சாப்பாடு சாப்பிட ஆரம்பிக்குது. வசந்தம் வந்து தெற்கே ஊருக்குத் திரும்பும்போது வெயில் ஏற ஏற பலம் குறைஞ்சு ஒரு வயசான மனுஷனா ஆயிடுது.

இதை ரத்தம் சொட்டற பூதப் படமா மாத்தினா என்ன மிஞ்சும்? உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதுல ஒரு பூதம் மனுஷனாச்சு, கதையே அதுதான். அப்பா, மாமான்னு கூப்பிடறதுல இருக்கற கனம் தமிழ்ல சொல்லும்போது தானா வந்து உட்காரும், அதை இழக்காதீங்க.

அந்தக் கதையோட முடிவுல இன்னொண்ணும் இருக்கு. ஊருக்கு வந்ததும் ஒரு பாதிரியாரைக் கூப்பிடறாங்க, முதல்ல மறுத்த செனூ அப்புறம் அழுது ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டு செத்துப் போகுது. நிறைய பேர் மறுகூறும்போது இந்த முடிவை வெட்டிடறாங்க, இது மிஷனரி ஒட்டினது, தூய பழங்கதை இப்படி இருக்காதுன்னு. எழுதினவர் மிஷனரிங்கறதால சந்தேகப்படறது நியாயம்தான். ஆனா மிக்மாக் தலைவர் மெம்பெர்டூ 1610லயே ஞானஸ்நானம் வாங்கினவர், நானூறு வருஷத்துக்கு மேல கத்தோலிக்கம் அவங்க வாழ்க்கையில கலந்திருக்கு, புனித அன்னாள் திருநாள் இன்னைக்கும் அவங்களுக்குப் பெரிய விழா. கதையில பாதிரியார் வந்தா அது கெட்டுப்போன கதைன்னு முடிவு பண்ண வெளிய இருக்கற நமக்கு என்ன உரிமை? 1893ல ஜோசப் நிக்கோலர்ங்கற பெனாப்ஸ்காட்காரர், மெயின் சட்டமன்றத்துல தன் மக்களோட பிரதிநிதியா இருந்தவர், தன் மக்களோட மரபுகளைத் தானே ஒரு புத்தகமா எழுதினார், வெள்ளைக்காரங்க எழுதினதுல இருந்து எடுக்கலன்னும் சொல்லிட்டார். அதுலயும் பைபிள் வாசனை இருக்கு. லீலண்ட் மேல வைக்கற சந்தேகத்தை நிக்கோலர் மேலயும் அப்படியே வைக்கக் கூடாது, ஒருத்தர் வெளிய இருந்து தன் கொள்கைக்கு ஏத்த மாதிரி வளைச்சவர், இன்னொருத்தர் உள்ள இருந்து தன் காலத்துக்குத் தன் மரபைச் சொன்னவர்.

தொகுத்தவர் பேரை மட்டும் போட்டு சொன்னவர் பேரை விடறது ரொம்ப சாதாரணமா நடக்குது. ஸ்பெக் கதைகள்னு சொல்றாங்க, நியூவெல் லயன் பேர் வர்றதில்ல. லீலண்டுக்கும் அவருக்கு அப்புறம் ஜான் டைனலி பிரின்ஸுக்கும் பாசமக்வாடி மொழியிலயே கதை எழுதிக் குடுத்தவர் லூயிஸ் மிட்செல், அவரும் சட்டமன்றத்துல தன் மக்களுக்காகப் பேசினவர்தான், அவர் பேர் அடிக்குறிப்புக்குப் போயிடுது. தமிழ்ல எழுதும்போது கதைத் தலைப்புக்குக் கீழயே சொன்னவர், அவரோட மக்கள், எழுதப்பட்ட வருஷம் இந்த மூணையும் போட்டுடுங்க.

உரிமை விஷயம் கொஞ்சம் நிதானமா பார்க்க வேண்டியது. பழைய புத்தகம், காப்புரிமை முடிஞ்சுடுச்சு, யார் வேணா எடுத்துக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கு. சட்டப்படி பல நேரம் அது சரிதான். 1890 மார்ச்ல ஜெஸ்ஸி வால்ட்டர் ஃபியூக்ஸ்ங்கறவர் மெயின்ல கேலஸ் ஊர்ல எடிசனோட ஃபோனோகிராஃப் மெஷினை வெச்சு, நோயல் ஜோசப்ஸ், பீட்டர் செல்மோர்ங்கற பாசமக்வாடிகளோட பாட்டையும் கதையையும் மெழுகு உருளையில பதிவு பண்ணார். ஒரு உருளையில மூணு நிமிஷம்கூட முழுசா பதியாது. ஒரு மக்களோட மரபை அவங்க இடத்துக்கே போய் ஒலிப்பதிவு பண்ண உலகத்தோட முதல் முயற்சியா அதைச் சொல்றாங்க. அதுல தப்பிப் பிழைச்ச 31 உருளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துல இருக்கு. அது தங்களோட முன்னோர் குரல்னு பாசமக்வாடி மக்களுக்குத் திரும்பக் கேட்கவே கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆச்சு. இப்போ பாசமக்வாடி மொழி காக்கற ட்வெயின் டோமா மாதிரி ஆளுங்க அந்த இரைச்சலுக்குள்ள இருந்து வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு மீட்டெடுத்துட்டு வர்றாங்க. நூலகத்தோட பக்கத்துல அந்தப் பதிவுகளுக்கு மேல பாசமக்வாடி மக்களே குடுத்த அடையாளச் சீட்டுகள் இருக்கு, எப்படிப் பயன்படுத்தணும், இது கத்துக்கறதுக்காக, இது விற்பனைக்கு இல்லன்னு. சட்டம் தடுக்காத இடத்துலயும் சொந்தக்காரங்க ஒரு வேண்டுகோள் வெச்சிருக்காங்க, அதை மதிக்கறதுக்குச் சட்டம் வேணுமா என்ன. அந்தப் பாட்டுகளை வெட்டி வீடியோவுக்குப் பின்னணி இசையா போடற வேலையைச் செய்யாதீங்க.

காலமும் ஒண்ணு இருக்கு. பழைய கதைகள் பெரும்பாலும் பனிக்காலத்துல சொல்றது, வெளி வேலை குறைஞ்சு எல்லாரும் நெருப்பைச் சுத்தி உட்கார்ற காலம். கதை சொல்ற நிகழ்ச்சி வெக்கறீங்கன்னா இதை மனசுல வெச்சு மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம், பெரிய சிரமம் இல்ல.

யாரைக் கேட்டு உறுதி பண்ணிக்கறதுங்கறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அபெனாகி விஷயத்துல குறிப்பா. வெர்மான்ட் மாநிலம் 2011லயும் 2012லயும் நாலு குழுக்களை அபெனாகி பழங்குடியா அங்கீகரிச்சுது. ஆனா கியூபெக்ல இருக்கற ஓடனாக், வோலினாக்ங்கற அபெனாகி சமூகங்கள் அந்தக் குழுக்களோட வம்சாவளிக் கோரிக்கையை வெளிப்படையாவே மறுக்கறாங்க. அதனால அபெனாகி கதைன்னு ஒருத்தர் சொன்னா அவர் எந்தச் சமூகத்தோட சார்புல பேசறார்னு பார்த்துட்டு எழுதுங்க, ஓடனாக் என்ன சொல்லுதுன்னும் சேர்த்துப் படிங்க.

கடைசியா, இறந்தகாலம். "வபனாகி மக்கள் இப்படி நம்பினார்கள், இப்படி வாழ்ந்தார்கள்"னு எழுதறது தமிழ்ல ரொம்ப இயல்பா வந்துடுது, குளுஸ்காப் கடைசியில மக்களை விட்டுட்டு படகேறிப் போயிட்டான்ங்கற கதையோட முடிச்சு அந்த மக்களையும் சேர்த்து அனுப்பி வெச்சுடறாங்க. மெயின்ல மட்டும் பெனாப்ஸ்காட், பாசமக்வாடி, மிக்மாக், மாலிசீட்னு அரசு அங்கீகாரம் உள்ள சமூகங்கள் இருக்கு. 2001ல மெயின் மாநிலம் பள்ளிக்கூடங்கள்ல வபனாகி வரலாறு கண்டிப்பா சொல்லித் தரணும்னு சட்டமே போட்டுச்சு. குளுஸ்காப் ஆஷ் மரத்துல அம்பு எய்தப்போ அதுக்குள்ள இருந்து மனுஷங்க வந்தாங்கன்னு ஒரு கதை உண்டு, அதே கறுப்பு ஆஷ் மரத்தோட நாரைப் பிரிச்சு இன்னைக்கும் கூடை பின்றாங்க, மரகத ஆஷ் துளைப்பான்ங்கற வண்டு அந்த மரங்களை அழிச்சுக்கிட்டு வர்றதால கூடை பின்றவங்க இப்போ விதை சேகரிக்கற வேலையிலயும் இறங்கியிருக்காங்க. பாசமக்வாடி–மாலிசீட் மொழிக்கு 2008ல டேவிட் ஃப்ரான்சிஸும் ராபர்ட் லெவிட்டும் சேர்ந்து கொண்டு வந்த பெரிய அகராதி இருக்கு, அதோட இணையவழி வடிவத்துல சொற்களைப் பேசறவங்க குரல்லயே கேட்கலாம், பெரியவங்க பேசற வீடியோவும் இருக்கு. கொலுஸ்காப்ங்கற பேரைத் தமிழ்ல எப்படி எழுதறதுன்னு குழப்பம் வந்தா அங்க போய் ஒரு தடவை கேட்டுட்டு எழுதுங்க.